பாக்கெட் உப்பு

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் தங்கப்பழம். மகன் லிங்கதுரை. மருமகள் சந்தனமாரி. நாத்தனார் பாக்கியக்கனி, கூப்பிடாமல் வந்தவள். நான். கோயம்புத்தூர் காலேஜிலிருந்து பேத்தி கீர்த்திகா ஃபோனில் இருந்தாள், அவளையும் சேர்த்துக்கொள்கிறேன். பேரையெல்லாம் எழுதி வைத்தால்தான் நாளைக்கு ஒருத்தரும் "நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

டைரி கீர்த்திகா கொடுத்தது. "ஆச்சி, உங்க மண்டைக்குள்ள ஊர்ல உள்ள எல்லாரு மேலயும் கேஸு இருக்கு. இதுல எறக்கி வைங்க" என்றாள். நான் அஞ்சாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் எவர் எப்போது என்ன சொன்னார் என்பது எனக்கு மறக்காது.

நேற்று டாக்டரைப் பார்த்தோம். இவருக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. கிட்னி கொஞ்சம் சோர்ந்திருக்கிறதாம். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, "உப்பைப் பாதியாக் குறைச்சிருங்க" என்றார். இவர் வெளியே வந்து படியில் நின்று சிரித்தார்.

"ஏளா, உப்பளத்துல கங்காணியா இருந்தவன்கிட்டப் போயி உப்பைக் குறைங்கான். மீன்கிட்டத் தண்ணியைக் குறைன்னு சொல்லுத மாதிரி."

இன்றைக்குப் பாக்கியக்கனி பேப்பரோடு வந்து உட்கார்ந்து சத்தம் போட்டு வாசித்தாள். உப்பால் ரத்தக் கொதிப்பு, ரத்தக் கொதிப்பால் பக்கவாதம், பக்கவாதத்தால் மரணம். ஒவ்வொரு வரிக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க அண்ணனுக்கு இப்படி வரும்னு எனக்கு அப்பமே தெரியும். மைனி கை தாராளம்லா" என்றாள்.

நான் கல்யாணம் முடிந்து முதல் முதலாகச் சமைத்த அன்று, நிறைந்த பந்தியில் ஒரு வாய் வைத்துவிட்டு இலையில் துப்பியவள் இவள். "உப்பளத்துக்காரன் வீட்டுக்கு வந்துட்டு உப்புப் போடத் தெரியலையே" என்றாள். அன்றைக்கு உப்புப் பத்தவில்லை. இன்றைக்குத் தாராளமாம். அந்தப் பந்தியில் அவள் கட்டியிருந்த சேலையின் கரை கத்தரிப்பூ நிறம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சுயம்புலிங்கம் அண்ணாச்சி செத்துப் போனார். இவரோடு அளத்தில் வேலை பார்த்தவர், இவருக்கு இளையவர். டீக்கடையில் டம்ளரைத் தூக்கியவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லையாம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது.

துட்டி கேட்டுவிட்டு வந்து இவர் காப்பி கேட்டார். கொடுத்தேன். டம்ளர் தரையிலிருந்து உதடு வரைக்கும் போகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னளா அப்படிப் பாக்க?"

"சீனி பத்துதான்னு பாத்தேன்."

பிப்ரவரி 5, வியாழன்

பயமாக இருக்கிறது. பேப்பரைத் தொட்டால் பயம், தொடாவிட்டால் அதைவிடப் பயம். காப்பி நெஞ்சுக்கு நல்லது என்று போட்டான், அதை விடவில்லை. பிறகு காப்பி ரத்தக் கொதிப்பைக் கூட்டும் என்று போட்டான், அரை டம்ளர் ஆக்கினேன். தேங்காய் எண்ணெய் விஷம் என்றான், மருந்து என்றான். முட்டையில் மஞ்சளை எடுத்துவிடு என்றான், பிறகு மஞ்சளில்தான் சத்தே என்றான். எடுத்துப் போட்ட மஞ்சளையெல்லாம் தெரு நாய் தின்று கொழுகொழுவென்று திரிகிறது.

கீர்த்திகாவிடம் கேட்டேன்.

"ஆச்சி, ரெண்டு செய்தியும் பொய்யா இருக்கணும்னு இல்ல. யாரு மேல சோதிச்சுப் பாத்தாவ, எத்தனை பேரு, எத்தனை வருசம், அதைக் கேக்கணும். நெறைய சோதனை எலி மேலதான் நடக்கும்."

"எலிக்கு ஆகலைன்னா உங்க தாத்தாவுக்கு எதுக்குளா குறைக்கணும்?"

சிரித்தாள். "அதேதான் ஆச்சி. எலிக்கு ஒத்துக்கிட்டதும் தாத்தாவுக்கு ஒத்துக்கணும்னு இல்லல்லா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டம்ளரைத் தூக்குகிற கையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்தானே.

பிப்ரவரி 8, ஞாயிறு

உப்பைக் குறைத்துப் பார்த்தேன். இவர் தட்டைத் தள்ளிவிட்டார். "சாவுறதுக்கு முன்னாடியே காடாத்துக்கு வைக்குத உப்பில்லாச் சோறு போடுதியா?" என்றார். லிங்கதுரை ஊறுகாயைப் பிசைந்துகொண்டான். சந்தனமாரி ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுவே அவள் சொல்கிற விதம்.

ஆனால் இன்றைக்குப் பேப்பரில் ஒரு நல்ல செய்தி. எங்கோ ஒரு நாட்டில் ஊர் ஊராகப் போய், பாதி ஊர்களில் சாதா உப்பும் மீதி ஊர்களில் மாற்று உப்பும் கொடுத்துப் பார்த்தார்களாம். மாற்று உப்பு தின்றவர்களுக்குப் பக்கவாதம் குறைந்ததாம், சாவும் குறைந்ததாம். இது எலி இல்லை, மனுசர். எத்தனையோ ஆயிரம் பேர். வருசக்கணக்கில். கீர்த்திகா கேட்கச் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அணைத்துவிட்டு வந்து, அந்தச் செய்தியை மட்டும் கத்தரித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

உப்பை வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதனால் இன்றைக்கு.

எங்கள் வீட்டில் உப்பு வாங்குகிற வழக்கம் கிடையாது. இவர் வேலையை விட்ட பிறகும் வருசா வருசம் அளத்திலிருந்து முதல் வாரிய உப்பு ஒரு மூட்டை வந்து இறங்கும். கல்லுப்பை அப்படியே குழம்பில் போட மாட்டோம். பீங்கான் ஜாடியில் தண்ணீரில் கரைத்து, மண் அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு ஊற்றுவோம். அந்த ஜாடியைத் தொடுகிற கை என் மாமியார் கை. அவளுக்குப் பிறகு என் கை. வேறு கை கிடையாது.

சந்தனமாரி கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அம்மா வீட்டுச் சாமானோடு ஒரு பாக்கெட் உப்பும் வந்தது. கோவில்பட்டிக்காரி, தெரியாமல் கொண்டுவந்துவிட்டாள். நான் அதை முற்றத்துக்கு எடுத்துக்கொண்டு போய், மறுவீட்டுக்கு வந்த சனம் அத்தனையும் பார்க்கக் கிழித்து, கழுவுகிற இடத்தில் கொட்டினேன். "உப்பளத்துக்காரன் வீட்டுக்குள்ள பாக்கெட் உப்பா?" என்று கேட்டேன். அவள் அம்மா முகம் சுண்டிப்போனது. கேட்டது சரிதான். இன்றைக்கும் அதையேதான் கேட்பேன்.

இன்றைக்குப் பெரிய கடையில் தனியாகப் போய், சோடியம் குறைந்த உப்பு என்று எழுத்துக் கூட்டி வாசித்து எடுத்தேன். தெரிந்த முகம் எதுவும் இல்லை. பையில் கீரைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். ஜாடியில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இதைக் கரைத்து ஊற்றினேன். கரைந்த பிறகு எந்த உப்பு என்று யாருக்குத் தெரியப்போகிறது? இவர் தெரிந்தால் சாப்பிட மாட்டார். சாப்பிடாவிட்டால் செத்துப்போவார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

இந்த உப்பு உறைக்கவே மாட்டேன் என்கிறது. வழக்கமாக ஒரு கரண்டி ஊற்றுகிற குழம்புக்கு இரண்டு வேண்டியிருக்கிறது. நல்ல உப்புதானே, கூடினால் என்ன?

இவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஏளா, இந்த உப்பு எந்த அளத்துது? கசக்கு. உப்பு வாரின பிறவு பாத்தியில நிக்குமே கசப்புத் தண்ணி, அந்த ருசி அடிக்கு."

"புது மாத்திரை கசப்பு உங்க நாக்குல நிக்கு."

சந்தனமாரி ரசத்தை இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இப்போது சந்தனமாரியும் ஆரம்பித்துவிட்டாள். யாரோ ஒரு மனுசன் ஃபோனில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிறான். அதைப் பார்த்துவிட்டுக் காலையில் வாழைத்தண்டுச் சாறு, பதினொரு மணிக்கு இளநீர், சாயங்காலம் நேந்திரம்பழம். "மாமா, இது கிட்னிக்கு நல்லதாம், பிரஷருக்கும் நல்லதாம்" என்று டம்ளரோடு நிற்கிறாள். இவரும் "தாயி, தாயி" என்று வாங்கிக் குடிக்கிறார். நான் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்.

இன்றைக்கு லிங்கதுரை பிரஷர் பார்த்தான். நன்றாக இறங்கியிருக்கிறது. "சந்தனம், உன் சாறு வேலை செய்யுது" என்றான்.

அடுப்படிக்குப் போய் ஜாடியைத் துடைத்தேன். யார் வேலை செய்தது என்று ஜாடிக்குத் தெரியும்.

ரொம்ப நாள் கழித்து இன்றைக்கு அவர் டம்ளரைத் தூக்கும்போது நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

கால் கனக்கிறது என்கிறார். செருப்பை மாட்டச் சுவரைப் பிடிக்கிறார். இன்னொரு பாக்கெட் வாங்கினேன்.

மார்ச் 2, திங்கள்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வாய் கோணவில்லை. பேச்சு வந்தது. "எந்திரிக்க முடியலளா" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். கையைப் பிடித்தேன், நாடி எங்கோ கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. ஒன்று அடிக்கிறது. அடுத்தது வருமா என்று நான் காத்திருக்கிறேன். பிறகு வருகிறது.

லிங்கதுரை காரை எடுக்க ஓடினான். சந்தனமாரி அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடம் எனக்குரியது. அவள் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 4, புதன்

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டதாம். எனக்கு அந்தப் பேரே புதுசு. அது கூடினால் இதயம் மெதுவாகி நின்றுவிடுமாம். சோர்ந்த கிட்னியால் அதை வெளியே தள்ள முடியாதாம், புது மாத்திரையும் அதைப் பிடித்து வைக்குமாம். ஊசி போட்டு இறக்கிவிட்டார்கள்.

டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சாறு, இளநீர், நேந்திரம்பழம் என்று சந்தனமாரி சொல்லச் சொல்ல டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "எல்லாத்துலயும் பொட்டாசியம்தானம்மா. நல்லா இருக்கவங்களுக்கு நல்லது. இவருக்கு ஆகாது. எல்லாத்தையும் நிறுத்துங்க."

பிறகு, "உப்பு என்ன உப்பு?" என்று கேட்டார்.

லிங்கதுரைக்குப் பெருமை பொங்கிவிட்டது. "டாக்டர், எங்க வீட்டுல உப்பு வாங்குறதே கெடையாது. அப்பா அளத்துல கங்காணியா இருந்தாவ. மூட்டையா வந்து எறங்கும். சுத்தமான கல்லுப்பு."

"அதையும் கொறைச்சுப் போடுங்க" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். குறைக்கச் சொன்னது கல்லுப்பைத்தானே. அதை நான் முழுசாகவே நிறுத்திவிட்டேனே.

வெளியே வந்து லிங்கதுரை அவளைப் பார்த்து, "உனக்கு ஃபோன்தான் டாக்டரா?" என்றான். அவள் கண் நிறைந்தது. எனக்குப் பாவமாக இல்லை. அதை எழுதுவதில் எனக்கு வெட்கமும் இல்லை.

மார்ச் 7, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாறு இல்லை, இளநீர் இல்லை. இனி என் சமையல் மட்டும்தான். கஞ்சியிலும் என் கையாலேயே ஊற்றினேன்.

மார்ச் 11, புதன்

மறுபடியும் கால் கனக்கிறது என்கிறார். ஆஸ்பத்திரிச் சோர்வு என்று லிங்கதுரை சொன்னான். சந்தனமாரி அரிசி எடுக்கப் போனவள் டிரம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அத்தை, வண்டு இருக்கான்னு பாத்தேன்" என்றாள்.

மார்ச் 14, சனி

விழுந்துவிட்டார். முருகா.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர். டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் லிங்கதுரை, சந்தனமாரி, நான், டாக்டர்.

டாக்டருக்குக் கோபம். "போன தடவையைவிடக் கூடியிருக்கு. எப்படி? எல்லாத்தையும் நிறுத்தினோம்னு சொல்றீங்க. மறைக்காம சொல்லுங்க. எங்க இருந்து வருதுன்னு தெரியாம நான் எத்தனை தடவை எறக்கறது?"

லிங்கதுரை சந்தனமாரியைப் பார்த்தான்.

"சோடியம் குறைஞ்ச உப்புன்னு கடையில விக்கிறாங்களே, லைட் உப்பு. அது போடுறீங்களா? அதுல பாதி பொட்டாசியம்தான்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. டாக்டர் வாய் அசைவதுதான் தெரிந்தது. இரண்டு கரண்டி. கஞ்சியிலும். என் கையால்.

"இல்ல டாக்டர், எங்க வீட்டுல..." என்று லிங்கதுரை மறுபடியும் மூட்டைக் கதையை ஆரம்பித்தான்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேனா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகன் முகம், முற்றத்தில் கொட்டிய அந்தப் பாக்கெட் உப்பு, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சம்பந்தி முகம், பாக்கியக்கனி முகம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"போடுதோம் டாக்டர்" என்றாள் சந்தனமாரி. "லைட் உப்புதான் போடுதோம். நான்தான் மாத்துனேன். பேப்பர்ல பாத்து. வீட்டுல யாருக்கும் தெரியாது."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அந்தச் செய்தி பொய் இல்லம்மா. ஆனா அந்த மாதிரி ஆராய்ச்சியில கிட்னி கெட்டவங்களை முதல்லயே சேர்க்க மாட்டாங்க. செய்தியோட கடைசியில அதையும் போட்டிருப்பாங்க, நம்ம ஆளுங்க தலைப்போட நிறுத்திக்கிறாங்க." உடனே உள்ளே போய்விட்டார். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டதல்லவா.

லிங்கதுரை மனைவியை அடிக்கக் கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால்கூடத் தேவலை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "நீ இங்க நிக்காத. வீட்டுக்குப் போ" என்றான்.

அவள் போனாள். நான் நின்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

டயாலிசிஸ் தேவைப்படவில்லை. இறங்கிக்கொண்டு வருகிறது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து விரலை அசைத்தார். நான் கும்பிட்டேன். எதற்கு அவரைக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

சந்தனமாரி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். லிங்கதுரை அவளைப் பார்த்ததும் எழுந்து மருந்துக் கடைக்குப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பெஞ்சில்.

"எதுக்குச் சொன்ன?" என்றேன்.

"எதை அத்தை?"

"நடிக்காதட்டி."

கூடையைத் திறந்து இட்லியை எடுத்து வைத்தாள். "டிரம்முல பாக்கெட்டைப் பாத்தேன், ஜாடிக்கு அடியில பேப்பரையும். சரி, அத்தையும் மாமாவுக்கு நல்லதுன்னுதானே பண்ணுதாவன்னு விட்டுட்டேன். ஆபத்துன்னு தெரிஞ்சா அப்பமே சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும் என்ன தெரியும், நானும் எளநி குடுத்தவதானே?"

"கேட்டது அது இல்ல. உன் மேல எதுக்குப் போட்டுக்கிட்ட?"

"டாக்டர் கேட்டுக்கிட்டு நிக்காரு. உள்ள மாமா கெடக்காவ. யாராவது சொல்லணும்லா? நீங்க சொல்லுத மாதிரி தெரியல."

"நான் சொல்லியிருப்பேன்."

"சரி அத்தை."

அந்த 'சரி அத்தை' இருக்கிறதே, அதற்கு இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

"நான் அவன்கிட்டச் சொல்லிருதேன்" என்றேன்.

"விடுங்க. உங்களை உங்க மகன் ஒரு வார்த்தை சொல்லிட்டா அதை நீங்க சாவுற வரைக்கும் மறக்க மாட்டிய. அப்புறம் அந்த வீட்டுல மனுசன் இருக்க முடியுமா? என்னைத் திட்டுனா எனக்கு நாலு நாள்ல மறந்துரும். இட்லி ஆறுது."

இட்லியில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை. தின்றேன்.

மார்ச் 21, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. எலும்பும் தோலுமாக. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். மறுபடியும் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் நிற்பேன் போலிருக்கிறது.

ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் வைத்த பேப்பரைக் காணவில்லை. டிரம்மில் பாக்கெட்டும் இல்லை. சந்தனமாரியிடம் நான் கேட்கவில்லை. அந்தச் செய்தியின் கடைசி வரி என்ன என்று எனக்குப் பார்க்க வேண்டாம். பால் பொங்கினதால்தான் வாசிக்கவில்லை. அணைத்துவிட்டு வந்து வாசித்திருக்கலாம் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும்.

மார்ச் 25, புதன்

லிங்கதுரை அவளோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான். "அம்மா, நீங்க போடுங்க" என்று என்னிடம்தான் கேட்கிறான். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போடுகிறேன். நாலு நாளில் மறந்துவிடும் என்றாள். மறக்கவில்லை, எனக்குத் தெரியும். பாத்திரம் தேய்க்கிற சத்தத்திலேயே தெரிகிறது.

கீர்த்திகா ஃபோனில் அழுதாள். "அம்மா இப்படிப் பண்ணுவாவன்னு நான் நெனைக்கவே இல்ல ஆச்சி. யாரு மேல பாத்தாவன்னு கேக்கச் சொன்னேனே, யாரை விட்டுட்டுப் பாத்தாவன்னு கேக்கச் சொல்லாமப் போயிட்டேனே."

"ம்" என்றேன். ஒரு 'ம்'தான் சொன்னேன்.

ஏப்ரல் 1, புதன், பங்குனி உத்திரம்

இன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: முதல் நாள் எழுதிய அதே பேர்கள். ஒருத்தர்கூடக் குறையவில்லை, அதற்குச் சாஸ்தாவுக்குக் கோடி கும்பிடு. கீர்த்திகா லீவுக்கு நேரிலேயே வந்துவிட்டாள்.

இவரால் கோயிலுக்குப் போக முடியவில்லை. பாக்கியக்கனி சாஸ்தா கோயிலிலிருந்து திருநீறும் பொங்கலும் கொண்டுவந்தாள். அண்ணனுக்குப் பூசிவிட்டு அழுதாள். அழுகை உண்மைதான், அதையும் எழுத வேண்டும். பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சந்தனமாரி சோற்றுச் சட்டியோடு குனிந்தாள். பாக்கியக்கனி இலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம். மாமனாரை உப்பு வச்சுக் கொல்லப் பாத்த கை. அந்தக் கையால எனக்குத் தொண்டையில எறங்காது. பாக்கெட் உப்போட வந்த மூதேவிதானே, அன்னைக்கே மைனி கொட்டுனாவ. கொட்டுனது சரிதான்."

சந்தனமாரி குனிந்தபடியே நின்றாள். கரண்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கீர்த்திகா தன் அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். லிங்கதுரை ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். அவன் தண்ணீர் குடித்தான்.

அத்தனை வருசத்துக்கு முன்னால் இதே பாக்கியக்கனி இலையில் துப்பியபோது என் கையிலும் ஒரு கரண்டி இருந்தது. அப்போதும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பாக்கியம்" என்றேன். "இந்த வீட்டுல உப்பு ஜாடியைத் தொடுறது எந்தக் கை?"

"உங்க கைதான் மைனி, அது யாருக்குத் தெரியாது?"

"அப்போ யாரு கை கொல்லப் பாத்துச்சு?"

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு லிங்கதுரை டம்ளரைக் கீழே வைத்தான்.

"எம்மா."

"நான்தான் வாங்குனேன். வெள்ளிக்கிழமை. கீரைக்கு அடியில வச்சுக் கொண்டுவந்தேன். ரெண்டு ரெண்டு கரண்டியா ஊத்துனேன். அவ ஆஸ்பத்திரியில சொன்னது பொய். இப்போ திட்டுறவங்க திட்டுங்க. நான் ஞாபகம் வச்சுக்கிடுவேன், அது வேற."

பாக்கியக்கனி வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அவள் வாயில் ஒன்றும் இல்லாமல் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

இவர்தான் பேசினார். மெல்லிய குரல், காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். "அன்னைக்கே சொன்னேன்லா, கசக்குன்னு. எவ கேட்டா?" பிறகு, "சரி, சோத்தைப் போடு தாயி. ஆறுது" என்று சந்தனமாரியிடம் இலையைக் காட்டினார்.

அவள் போட்டாள். எல்லோருக்கும் போட்டாள். பாக்கியக்கனி இலையிலிருந்து கையை எடுத்தாள். லிங்கதுரை, "சந்தனம், எனக்குக் கொஞ்சம் ரசம்" என்றான். ரசத்தை அவள் அவன் கையிலேயே சுடச்சுட ஊற்றினாள். தெரியாமல் ஊற்றினாள் என்று நான் நினைக்கவில்லை. கீர்த்திகா சோற்றை விட்டு எழுந்து போய் அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர். சந்தனமாரி முகம் கடுகடுவென்று இருந்தது.

"எதுக்கு அத்தை இப்போ? முடிஞ்சு போச்சுன்னு நான் விட்டிருந்தேன்."

நான் ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினேன். "இனி நீ ஊத்து."

"எனக்கு அளவு தெரியாதே."

"எனக்கும் தெரியல."

ஜாடி இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அவள் மூடியைத் திறந்து பார்த்து, மறுபடியும் மூடினாள்.

பாக்கியக்கனியை மன்னித்துவிட்டேன். போகும்போது என் கையைப் பிடித்து, "மைனி, அன்னைக்கு உங்க குழம்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். பொய். அன்றைக்கு உப்புப் பத்தவில்லை. ஆனாலும் மன்னித்துவிட்டேன். பேப்பர்காரனை மன்னித்தேன். கடைசியில் போட்டிருப்பான் என்று டாக்டரே சொன்னார், அவன் மேல் குற்றமில்லை. ஃபோனில் பேசுகிற வெள்ளைக் கோட்டுக்காரனைக்கூட விட்டுவிட்டேன், போகட்டும். என்னையும் மன்னிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் டம்ளரை ஒரு கையால் தூக்கட்டும், பார்க்கலாம்.

ஒருத்தியை மட்டும் முடியாது. அன்றைக்குக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நான் வாயைத் திறக்கும் முன் தன் வாயைத் திறந்தவள். இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால், அவர் உயிருக்காக நான் சொல்லியிருப்பேனா, மானத்துக்காக நின்றிருப்பேனா என்று எனக்கே தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ள விடாமல் செய்துவிட்டாள். எனக்கு எதுவும் மறக்காது, இதுவும் மறக்காது. இனி எத்தனை யோசித்தாலும் விடை கிடைக்காது.

அவள் பேர் சந்தனமாரி.